மகாராணிக்குச் சாப்பாடு

மார்ச் 14, செவ்வாய். ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். பராமரிப்புப் படிவத்தில் ‘பூனையைப் பார்த்தேன்’ என்ற கட்டத்தில் நேற்று டிக் போட்டேன். நான் பார்த்தது பூனையை அல்ல, அதன் காலிக் கிண்ணத்தை. இன்று சரிசெய்ய வேண்டும்.

சமையலறை மேடையில் நோட்டை வைத்து இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு அவள் ‘நேற்று’ என்ற சொல்லைத் திரும்பவும் பார்த்தாள். அதுவும் உண்மையில்லை. அடித்துவிட்டு ‘பதினாறு நாளாக’ என்று மேலே பொடி எழுத்தில் எழுதினாள். அவள் இந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் மாலை வேலைக்கு வரத் தொடங்கியே பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. மகாராணி என்ற அந்தப் பூனையை அவளுக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த புகைப்படத்தில்தான் தெரியும்: வெள்ளை உடம்பு, தடித்த கழுத்து, கடன்காரனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

ஜன்னலுக்கு வெளியே மழை வரப் பார்த்தது. மணி நாலரைதான், ஆனால் வீட்டுக்குள் வெளிச்சம் கழுவிவிட்ட தண்ணீர்போலச் சாம்பலாகிவிட்டது. தரையைத் துடைத்த மருந்தின் வாடைக்கும் பழைய துணிகளின் வாடைக்கும் அடியில், பதினாறு நாளாக இருக்கும் அந்தக் கிராம்பு எண்ணெய் மணம், இன்று நாக்கின் பின்புறம்வரை இறங்கி ஒரு இனிப்பாக உட்கார்ந்திருந்தது. பல் டாக்டர் வீட்டில் கிராம்பு எண்ணெய் மணக்காமல் வேறென்ன மணக்கும் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டாள். அந்த இனிப்பு கிராம்பினுடையதல்ல என்று இப்போது நாக்கு சொன்னது. நாக்கை நம்புவதா, தன் பயத்தைச் சந்தேகப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டருக்கு எண்பத்தொரு வயது. வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக்காக இருந்தது. ஒன்பது வருடமாகப் பூட்டியே கிடக்கிறது, சாவியும் தொலைந்துவிட்டது என்று வெளியூரில் இருக்கும் மகள் சொல்லியிருந்தாள். மறதி நோய் அவரிடமிருந்து முதலில் கிழமைகளை எடுத்துக்கொண்டது, பிறகு தெருவை, பிறகு மகளின் பெயரை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவருடைய பல் செட்டும் போனது. கட்டிலுக்கு அடியிலும் குப்பைத் தொட்டியிலும் மாவு டப்பாவிலும்கூடத் தேடிப் பார்த்துவிட்டார்கள். புதியது செய்ய அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருந்தது. அதுவரை எல்லாவற்றையும் குழையவைத்து, மசித்துக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தார்கள். தட்டு ஒவ்வொரு வேளையும் நக்கிவைத்ததுபோல வழித்துத் திரும்பி வந்தது. எடை மட்டும் இறங்கியது. புதன்கிழமைதோறும் நிறுத்துப் பார்த்து எழுதிய எண்கள் படிவத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன: நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்து மூன்றரை. நாளை புதன்.

“நாப்பத்திரெண்டுக்குக் கீழ போச்சுன்னா வேற வழியில்லம்மா,” என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். “வீட்டைப் பூட்டிட்டு அப்பாவ ஹோம்ல சேத்துட வேண்டியதுதான். பூனைய யாராவது கேட்டா குடுத்துடலாம். அங்க பூனையெல்லாம் விடமாட்டாங்க.”

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் வேறெதுவும் புரியாதவர், பூனையைப் பற்றிய அந்தப் பேச்சை மட்டும் புரிந்துகொண்டார். எழுந்து வந்து அவளுடைய துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, “அவள கொண்டு போயிடாதீங்க” என்று சொல்லி அழுதார். பல்லில்லாத வாயிலிருந்து எச்சில் வடிந்து துணியில் விழுந்தது. யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் மசிக்கும் சோற்றில் நெய் ஒரு கரண்டி கூடியது. எடையோ இறங்கிக்கொண்டே இருந்தது.

அவள் காலை நேரத்து உதவியாளரான அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, நீங்க மகாராணிய கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“எந்த மகாராணி?” என்றாள் அக்கா. அந்தப் பக்கம் ஏதோ குக்கர் விசில் அடித்தது. “ஓ, அந்தக் குண்டச்சியா? ஏன், என்ன?”

“பாத்தீங்களான்னு கேட்டேன்.”

“கிண்ணம் தினம் காலியாத்தான் இருக்கு. நான் நிரப்பிட்டு வந்தா நீ வர்றதுக்குள்ள காலி. நீ நிரப்பினா நான் வர்றதுக்குள்ள காலி. பூனை திங்காம பின்ன பேயா திங்குது?”

“கிண்ணத்தக் கேக்கலக்கா. பூனைய.”

அக்கா அடுப்பை அணைத்தாள். “நீ சாயங்காலம் பாக்குறியே. படிவத்துல டிக் இருக்கே.”

“நீங்க காலைல பாக்குறீங்கன்னு நெனச்சுதான் போட்டேன்.”

“அடிப்பாவி. நீ பாக்குறேன்னுதான்டி நானும் போட்டேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை மகள் வந்தாங்களே, அவங்க பாத்திருப்பாங்க.”

“அவங்களும் டிக்தான் போட்டிருக்காங்க. கிண்ணத்துக்குப் பக்கத்துல.”

“சரி விடு, நாலு நாள் ஊர் சுத்தப் போயிருக்கும். அது ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற மணல் தட்டக்கூட நான் மூணு வாரமா மாத்தல. சுத்தமா இருக்கு. வெளிய போயிட்டு வர்ற அளவுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு சந்தோசப்பட்டேன் போ.”

மழை விழத் தொடங்கியது. அவள் நோட்டில் எழுதினாள்: ‘மணல் தட்டு மூன்று வாரமாகச் சுத்தம். வீட்டின் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வலை. கதவுகள் பூட்டு.’ எழுதியதைப் படித்தாள். வெளியே போக வழியே இல்லாத ஒரு பூனையை, யாருமே பார்க்காமல், பார்த்ததாக மூன்று பேர் டிக் போட்டிருந்தார்கள்.

வீட்டைத் தேடினாள். சோபாவின் அடி, அலமாரியின் மேல், துணி மூட்டை. எங்கும் ஒரு வெள்ளை முடிகூட இல்லை. டாக்டரின் படுக்கையறையில் மட்டும் நுழையவில்லை. தன் அறைக்குள் யாராவது வந்தால் அவர் கையில் கிடைத்ததை எறிவார்.

ஐந்தரைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தாள். வழக்கம்போல அவர் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடும்போது தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. பல்லில்லாமல் தின்பதைப் பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கம் என்று எல்லோரும் அதை மதித்தார்கள். அவளும் மதித்தாள். இன்று கதவில் காதை வைத்தாள்.

உள்ளே முதலில் ஏதோ ஒரு பூட்டு திறக்கும் ஓசை. அப்புறம் நடை, கொஞ்சம் தூரமாக, அந்த அறையின் நீளத்தையும் தாண்டிய தூரத்தில். கிராம்பு மணம் கதவின் இடுக்கு வழியாகக் குப்பென்று வந்தது. டாக்டரின் குரல், கொஞ்சும் குரல், “ஆ காட்டு, ஆ காட்டு, சமத்து.” பிறகு மெல்லும் சத்தம். ஈரமாக, பொறுமையாக, வாயை மூடாமல் மெல்லும் சத்தம். நடுநடுவே ‘டக்’ என்று ஒன்று. மெல்லுதல். ‘டக்.’ மெல்லுதல்.

அவள் காதை எடுத்துவிட்டாள். அது என்ன சத்தம் என்று தெரிந்திருந்தது. பல்லின் மேல் பல் படுகிற சத்தம்.

டாக்டருக்குப் பல் இல்லை.

கதவு திறந்தபோது அவள் கூடத்தில் துணி மடிப்பதுபோல நின்றாள். அவர் தட்டை நீட்டினார். வழித்த தட்டு. அவருடைய உதடுகள் உள்ளே மடிந்து, காய்ந்து, வெடித்திருந்தன. ஒரு பருக்கையின் பிசுபிசுப்புகூட அவற்றில் இல்லை. மசித்த சோறு சாப்பிட்ட வாய் அதுவல்ல. அவள் இதைப் பதினாறு நாளாகப் பார்த்திருக்கிறாள். தட்டைத்தான் பார்த்திருக்கிறாள்.

பூனையின் கிண்ணத்தில் டின் உணவைக் கொட்டினாள். பழுப்பு நிறக் கூழும் வழுவழுப்பும் டின்னின் வடிவத்திலேயே வந்து விழுந்து ஆடியது. மீன் செத்து இரண்டு நாளான வாடை. வைத்துவிட்டு, வெளியே போவதுபோலக் கதவை அடித்துச் சாத்திவிட்டு, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் ஒடுங்கி நின்றாள். எதற்காக ஒளிகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பூனை வரும், பார்ப்போம், டிக் உண்மையாகிவிடும், கிளம்பி ஏழு மணிப் பராமரிப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய்விடலாம்.

தரையைத் தேய்க்கும் காலடி வந்தது.

டாக்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். மேடையைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, முதலில் ஒரு முழங்காலையும் பிறகு மற்றதையும் தரையில் வைத்தார். கைகளை ஊன்றினார். முகத்தைக் கிண்ணத்துக்குள் இறக்கினார்.

அவர் மெல்லவில்லை. ஈறுகளால் நசுக்கினார், உறிஞ்சினார், நாக்கால் வழித்தார். வழுவழுப்பு மூக்கில் ஏறியது, அவர் தும்மினார், தும்மியதையும் நக்கினார். பசி. வேறு ஒன்றுமில்லை, வெறும் பசி. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் ஒட்டியிருந்த டின் வாடை நேராக மூக்குக்குள் போயிற்று, ஓங்கரித்தாள், அந்தச் சத்தத்துக்கு அவர் நிமிர்ந்தார்.

தாடையிலிருந்து பழுப்பாக ஒழுகியது.

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர்,” என்றார். “என் சாப்பாட்டத்தான் அவ கேக்குறா. இது புடிக்கலையாம் அவளுக்கு. நான் என்ன செய்ய?”

மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் மேடம் முதல் நாளே கரும்பலகையில் எழுதிய விதி அவளுக்கு மனப்பாடம். மறதி வந்தவர்களிடம் ‘இல்லை’ என்ற வார்த்தை கிடையாது. “அவங்க எந்த ஊர்ல இருக்காங்களோ, நாமளும் அந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கணும்.” அவள் அந்த வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தாள்.

“மகாராணி எங்க இருக்கா டாக்டர்?” என்று கேட்டாள். குரல் சரியாகவே வந்தது.

அவர் முகம் மலர்ந்தது. பதினாறு நாளில் யாரும் கேட்காத கேள்வி. பைஜாமாவின் நாடாவில் முடிந்திருந்த சாவியை எடுத்துக் காட்டினார். “உள்ளதான். ரொம்ப நேரமா காத்துட்டிருக்கா. வாங்க, லைட் புடிக்க ஆள் வேணும்.”

அவள் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். பார்த்து எழுத வேண்டும். அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் மகளிடம் சொல்லலாம், இவர் சாப்பாட்டை இனிப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டலாம், எடை ஏறும், வீட்டைப் பூட்ட வேண்டாம். எல்லாம் சரிசெய்யக்கூடியதுதான்.

படுக்கையறையின் உள்சுவரில் சட்டைகள் தொங்கிய இடத்தை, வாசலிலிருந்து பார்த்து, அவள் அலமாரி என்று நினைத்திருந்தாள். டாக்டர் சட்டைகளை விலக்கினார். பின்னால் ஒரு கதவு.

அது திறந்ததும் மணம் வரவில்லை. மணம் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது, அவர்கள்தான் அதற்குள் போனார்கள். கிராம்பு, கிராம்பு, கிராம்பு, அதற்கடியில் வெல்லப்பாகுபோல இனித்து அழுகும் ஒன்று. ஜன்னல்களில் பச்சைத் திரை. காலில் ஏதோ இடறியது. காலி எண்ணெய்ப் புட்டிகள் தரையெங்கும் உருண்டு கிடந்தன. நடுவில் பல் மருத்துவ நாற்காலி, சாய்த்துவைத்தபடி. அதன் பக்கத்தில் வாய் கொப்பளித்துத் துப்பும் வெள்ளைக் கிண்ணம்.

கிண்ணம் நிறைந்து வழிந்திருந்தது. மூன்று வாரச் சோறு. அடியில் கறுப்பு, மேலே பச்சைப் பூஞ்சை ரோமம், அதற்கு மேலே இன்றைய வெள்ளை, இன்னும் ஆவிகூட அடங்காமல். அவள் ஊற்றிய நெய் மினுங்கியது. அந்த வெள்ளை மெதுவாக அசைந்தது. தானாக.

“லைட்,” என்றார் டாக்டர்.

அவள் விளக்கின் கையைப் பிடித்தாள். அவர் சுவிட்சைத் தட்டினார்.

நாற்காலியில் மகாராணி மல்லாந்து கிடந்தாள். கழுத்தில் நோயாளிகளுக்குக் கட்டும் நீலக் காகிதம், ஒழுங்காக முடிச்சுப் போட்டு. முடி எண்ணெயில் நனைந்து முள்முள்ளாக ஒட்டியிருந்தது. வயிறு உள்ளே விழுந்திருந்தது. கண்கள் இருந்த இடத்தில் கண்கள் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, எந்தப் பூனைக்கும் திறக்காத அளவுக்கு, ஓரங்கள் கிழிந்து.

அதற்குள் மனிதப் பற்கள். மேல் வரிசை, கீழ் வரிசை. இளஞ்சிவப்பு ஈறு. இடுக்குகளில் மசித்த சோறு.

“சாப்பிடவே மாட்டேன்னா,” என்றார் டாக்டர். “பாத்தா பல்லு ஆடுது. எல்லாத்தையும் எடுத்துட்டு என்னோடதக் குடுத்தேன். இப்ப நல்லா சாப்பிடுறா.” நாற்காலியோடு இருந்த கருவித் தட்டில் கிடந்த சிறிய வெள்ளை முட்கள்போன்றவற்றை அவர் பெருமையாகக் காட்டினார். வேரோடு பிடுங்கிய பூனைப் பற்கள், அளவு வாரியாக அடுக்கியிருந்தன.

“டாக்டர், நான்… மகளுக்கு ஒரு போன்…”

“அசையாதீங்க. வெளிச்சம் போகுது.”

அவர் இரண்டு விரலை அந்த வாய்க்குள் விட்டு மேல் செட்டை இழுத்தார். பிசின்போல நீண்டு வந்தது, அறுந்தது. கீழ் செட்டோடு கொஞ்சம் தோலும் வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். “அவளுக்குப் பெரிசா இருக்கு. சரியா உக்காரல.” பைஜாமாவில் ஒரு தரம் துடைத்தார்.

அவள் என்ன நடக்கப்போகிறது என்று பார்த்துவிட்டாள். “இல்ல டாக்டர், வேண்டாம், இல்ல…”

தன் வாயில் போட்டுக்கொண்டார். மேலே. கீழே. ‘டக்.’

விழுந்திருந்த கன்னங்கள் நிரம்பின. பதினாறு நாளில் அவள் பார்க்காத ஒரு மனிதர் அவளைப் பார்த்துச் சிரித்தார். பேச்சு தெளிந்துவிட்டது. உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஊர்ந்தது, அவர் அதை நாக்கால் உள்ளே எடுத்துக்கொண்டார்.

“இது எனக்குத்தான் சரி. அவளுக்கு வேற செய்யணும். சின்ன வாய்.” அவர் கண்கள் அவள் முகத்தில் கீழே இறங்கி நின்றன. “ஆ காட்டு.”

ஓடலாம். நாற்பத்து மூன்று கிலோ கிழவர். தள்ளிவிட்டால் விழுவார். விழுந்தால் இடுப்பு. இடுப்பு போனால் ஹோம். அவள் இதையெல்லாம் வரிசையாக யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை அவள் தாடையைப் பிடித்துவிட்டது. கரண்டியைப் பிடித்தால் நடுங்கும் கை. இப்போது நடுங்கவில்லை. ஆயிரம் வாய்களைத் திறந்த கை அது. எங்கே அழுத்தினால் திறக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

கட்டை விரல் உள்ளே வந்தது. ஈரம். கிராம்பு. டின் மீன். அதற்கடியில், அந்த இனிப்பு.

விரல் அவள் ஈறின் மேல் ஊர்ந்தது. ஒவ்வொரு பல்லையும் பிடித்து ஆட்டிப் பார்த்தது.

“ஒண்ணு, ரெண்டு. நல்லா இருக்கு. மூணு. சின்ன அளவு. நாலு, அஞ்சு.”

அவளுக்கு விழுங்க வந்தது. விழுங்கக்கூடாது. விழுங்கினாள்.

அப்போதுதான் கேட்டது. டாக்டரின் வாய் மூடியிருந்தது. பற்கள் அவர் வாயில் இருந்தன. நாற்காலியில் நீலக் காகிதம் சரசரத்தது. பிறகு சத்தம், மென்மையாக, பல்லில்லாமல், ஈறால் நசுக்கி, உறிஞ்சி.

புழுக்கள். நிறையச் சேர்ந்தால் சத்தம் வரும். வரலாம்.

சத்தம் நின்றது. காத்திருப்பதுபோல.

“இரும்மா, அவசரப்படாத,” என்று டாக்டர் திரும்பிப் பார்க்காமலே நாற்காலியிடம் சொன்னார். “நாளைக்கு ரெடியாயிடும்.” பிறகு அவளிடம், “எழுதிக்கங்க சிஸ்டர். நோட்டு கையிலதான இருக்கு.”

விரலை எடுக்கவில்லை. அவள் நோட்டை மேலே தூக்கினாள். பக்கம் தெரியவில்லை, விளக்கு வேறு பக்கம் பார்த்தது. சொன்னதை எழுதினாள். அவளுடைய சீரான, ஒழுங்கான கையெழுத்தில்.

மார்ச் 15, புதன். காலை பத்து மணி. மேல் தாடைக்கு அச்சு எடுக்க வேண்டும்.